நவம்பர் ஒன்றாம் தேதிக் கடிதம்

நாகர்கோவில்,
நவம்பர் 1.

அன்புள்ள தாணு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். மழைதான் விட்டபாடில்லை.

'சென்னையில் ஒருத்தரும் கண்டுகொள்ளாத நாளுக்கு உங்களுக்கு மட்டும் என்ன கொண்டாட்டம்?' என்று கேட்டிருந்தாய். அங்கே போய்க் குடியேறியதும் மறந்துவிட்டதாக்கும்! 2019-ல் அரசே நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாள் என்றது. அடுத்த ஆட்சி 2021-ல் அதை ஜூலை 18-க்கு மாற்றியது. 1967-ல் அந்தத் தேதியில்தான் சென்னை மாநிலத்தைத் தமிழ்நாடு என்று பெயர் மாற்றும் தீர்மானம் பேரவையில் நிறைவேறியது. மற்ற மாவட்டங்களுக்கு அதுவே பொருத்தம். மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்த 1956 நவம்பர் 1-ல் மலபார் கேரளத்துக்கும், கொள்ளேகாலம் மைசூருக்கும் போயின. கைவிட்டுப் போனதை யார் கொண்டாடுவார்?

கன்னியாகுமரிக்காரர்களான நமக்கு அப்படியா? தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகா திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு வந்து சேர்ந்த நாள். தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை எல்லாம் கேட்டும் கிடைக்கவில்லை. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இந்த இணைப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் செத்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். போராட்டத்தை முன்னின்று நடத்திய நேசமணி சிலைக்கு இன்றைக்கு மாலை விழுகிறது என்றால் சும்மா சடங்கு இல்லை மக்கா.

ஆனால் கோடு போட்டவர்கள் எல்லாவற்றையும் பிரித்துவிடவில்லை. திருவிதாங்கூர் மன்னர்கள் இருந்த பத்மநாபபுரம் அரண்மனையையே பார். தக்கலைப் பக்கம், நம் மண்ணில் நிற்கிறது. பராமரிப்பது கேரள அரசு. நவராத்திரிக்கு முன்னால் அங்கிருந்து சரஸ்வதி அம்மன் யானைமேல் திருவனந்தபுரத்துக்குக் கிளம்புவாள். வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூடவே. அரண்மனையில் மன்னரின் உடைவாளை எடுத்துக் கொடுத்த பிறகுதான் ஊர்வலம் நகரும். களியக்காவிளை தாண்டியதும் கேரளத்து ஆட்கள் வரவேற்பார்கள். இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்யும். திருவனந்தபுரத்தில் பூஜை முடிந்ததும் மூவரும் திரும்பி வந்துவிடுவார்கள். பிரிந்து போன அண்ணன் தம்பி குலதெய்வத்துக்கு மட்டும் ஒன்றாக நிற்கிற மாதிரிதான். இந்தத் தடவை வெயிலில் தக்கலை வரைக்கும் போய்ப் பார்த்தேன். யானைக்குப் பின்னால் வந்த கூட்டத்தில் பாதிப் பேர் மலையாளம் பேசினார்கள், பாதிப் பேர் தமிழ். எனக்கு இரண்டும் சேர்ந்து வந்தது.

சரி, மூட்டு வலி தேவலையா? அடுத்த நவராத்திரிக்கு முன்கூட்டியே டிக்கெட் போட்டுவிடு. கடைசி நேரத்தில் அனந்தபுரி எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்காது.

உன்,
ஆறுமுகம்