ரூ.18,000-ஐப் பையிலேயே வை

மேடவாக்கம்
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பேரன் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். வரமுடியாமல் போனதற்கு இங்கே வீட்டில் எனக்கு இன்னும் அர்ச்சனை நடக்கிறது. கிடாக்கறிக் கதையை ரெண்டு பக்கம் எழுதி வயிற்றெரிச்சலைக் கிளப்பியது போதாதென்று கடைசி வரியில் ஒரு குத்தும் வைத்திருக்கிறாய்: "கரிசக்காட்டுல பொறந்துட்டு மண்ணில்லாம வெவசாயம் பாக்கியாமே, வெக்கமா இல்லையா?"

மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறவனுக்கு மண் ஏதுடா? முதலில் மண்தான் ஏற்றினேன், பத்துத் தொட்டி. தளம் ஒழுகும், கனம் தாங்காது என்று வீட்டு ஓனர் ஒரே வாரத்தில் இறக்க வைத்துவிட்டார். அவர் கட்டிய வீடு, அவர் பயம். அப்புறம்தான் இந்தத் தண்ணீர்ப் பைத்தியம் பிடித்தது.

குத்தலை விடு. நடுவில் ஒன்று கேட்டிருந்தாயே, அதற்கு வருகிறேன். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு குனியக்கூடாது, மகள் போனில் மண்ணில்லாமல் தண்ணீரிலேயே செடி வளர்க்கிற ஒரு ஹைட்ரோபோனிக்ஸ் செட் காட்டினாள், ரூ.18,000, வாங்கலாமா என்று. வாங்காதே. நாலு பிவிசி பைப், ஒரு குட்டி மோட்டார், ஒரு தொட்டி, அவ்வளவுதான் அதில் இருக்கிறது. பைப்புக்குள் தண்ணீர் மெல்லிசாக ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டார் நின்றால் சித்திரை வெயிலில் மத்தியானத்துக்குள் செடி தலை தொங்கிவிடும். கோவில்பட்டியில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்பது என்னைவிட உனக்குத் தெரியும்.

நான் செய்வதில் மோட்டாரே கிடையாது. ஹவாய் பல்கலைக்கழகத்தில் இருந்த பெர்னார்ட் கிராட்கி என்ற தோட்டக்கலை ஆராய்ச்சியாளரின் பெயரால் கிராட்கி முறை என்கிறார்கள். ஒரு பெட்டி நிறைய உரத்தண்ணீர், மேலே மூடி, மூடியில் ஓட்டை, ஓட்டையில் செடி. கீரை அறுக்கிற வரைக்கும் ஒரே தடவை ஊற்றின தண்ணீர்தான். ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பேரே கிரேக்கமாம், ஹைட்ரோ என்றால் தண்ணீர், போனோஸ் என்றால் உழைப்பு. "தண்ணி வேலை" என்று வீட்டில் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் பார்த்த பார்வை உனக்குத் தெரியுமே.

வேர் அழுகாதா என்று நீ கேட்பாய். நானும் அதில்தான் முதல் அடி வாங்கினேன். நெல் தண்ணீரில் நிற்கிறதென்றால் அதன் தண்டுக்கும் வேருக்கும் உள்ளே காற்றுப்போக வழி இருக்கிறது. பாலக்குக்கு அப்படிக் கிடையாது, முழுக்க முக்கினால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஆனால் செடி குடிக்கக் குடிக்கப் பெட்டியில் தண்ணீர் இறங்குகிறது. மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் தொங்குகிற வேர் வேறு மாதிரி ஆகிவிடும். மூடியைத் தூக்கிப் பார்த்தால் மேலே வெள்ளை வெளேரென்று பஞ்சு பூத்த மாதிரி குட்டை வேர்கள், கீழே தண்ணீருக்குள் நூல் நூலாக நீள வேர்கள். மேலே இருப்பது மூச்சுக்கு, கீழே இருப்பது சாப்பாட்டுக்கு.

இது தெரியாமல், மூணாவது வாரம் தண்ணீர் பாதிக்கு இறங்கியதைப் பார்த்துப் பதறி, விளிம்பு வரை ஊற்றி வைத்தேன். நல்லது செய்கிறோம் என்றுதான். மறுநாள் சாயங்காலம் ஆறு செடியும் துணி மாதிரித் துவண்டு கிடந்தன. மூச்சு வேர் அத்தனையும் முங்கிப்போனது. தண்ணீர் குறைந்தால் குறையட்டும் என்று விடு. அடியைத் தொடப் போகிறது என்றால் மட்டும் நாலு விரற்கடை ஊற்று, அதற்கு மேல் வேண்டாம்.

பெட்டிக்குப் பழக்கடை தெர்மாகோல் பெட்டி போதும். இங்கே ரூ.40. ஓட்டை உடைசல் இருந்தாலும் பரவாயில்லை, உள்ளே கறுப்பு பாலிதீன் ஷீட்டை மடித்துப் போட்டுவிட்டால் ஒழுகாது, வெளிச்சமும் போகாது. வெளிச்சம் போகக்கூடாது என்பது ரொம்ப முக்கியம். முதலில் நீலத் தண்ணிக் கேன் ஒன்றை வெட்டி அப்படியே வைத்தேன். பத்து நாளில் உள்ளே கோயில் தெப்பக்குளம் கெட்டது, அவ்வளவு பாசி. வெளிப்பக்கம் சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ வெள்ளையாக அடி. தின்னர் கலந்த பெயிண்ட் அடிக்காதே, தெர்மாகோல் கரைந்து ஓட்டை விழும். அதையும் நான் அடித்துப் பார்த்துவிட்டேன். மூடியில் ஓட்டை போட எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து அழுத்தித் திருகினால் வட்டமாகக் கழன்று வரும். பிளாஸ்டிக் டீ கப் அடியில் ஆணியைச் சுடவைத்து ஏழெட்டுத் துளை குத்தி, ஒரு துண்டு காடாத்துணி விரித்து, கழுவிய தேங்காய் நார்க்கழிவை நிரப்பினால் அதுதான் செடிக்குத் தொட்டில். நார்க்கழிவை ரெண்டு மூணு தண்ணீரில் அலசிப் பிழி, அதில் உப்பு இருக்கும். தொடக்கத்தில் கப்பின் அடி அரை அங்குலம் மட்டும் தண்ணீரில் முங்கினால் போதும்.

பெட்டியைத் தரையில் வைக்காதே. உன் வீட்டுத் திண்ணையில் கிடக்கிற அந்தப் பழைய பெஞ்சின் மேல் வை. நின்றபடியே பார்த்துக்கொள்ளலாம்.

இனி உரம். கடைக்காரர் 19:19:19 எடுத்து நீட்டுவார். இந்த எண்கள் வரிசையாகத் தழை, மணி, சாம்பல் சத்து நூற்றுக்கு எவ்வளவு என்பது. வேண்டாம். அதில் தழைச்சத்து பாதிக்கு மேல் யூரியாவாக இருக்கும். மண்ணில் நுண்ணுயிர்கள் அதை மாற்றிக் கொடுக்கும், வெறும் தண்ணீரில் அந்த வேலைக்கு ஆள் கிடையாது. சுண்ணாம்புச் சத்தும் அதில் இல்லை. சொட்டுநீர் உரம் விற்கிற கடையில் கால்சியம் நைட்ரேட், 13:0:45, 0:52:34, மெக்னீசியம் சல்பேட் நாலையும் கேள். பத்து லிட்டர் தண்ணீருக்கு நான் போடுகிற கணக்கு இது: கால்சியம் நைட்ரேட் 7 கிராம், 13:0:45 என்பது 3 கிராம், 0:52:34 என்பது 2 கிராம், மெக்னீசியம் சல்பேட் 4 கிராம். இரும்பு கலந்த நுண்ணூட்டக் கலவை ஒரு சிட்டிகை. பத்து லிட்டரும் வாளியில் இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்கு. வேலை மிச்சம் என்று எல்லாவற்றையும் ஒரே பாட்டிலில் கெட்டியாகக் கரைத்து வைத்தேன், பால் திரிந்த மாதிரி வெள்ளையாக அடியில் உட்கார்ந்துவிட்டது. கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்தால் ஜிப்சம், அது கரையாது, பாஸ்பேட்டோடும் அப்படித்தான்.

இத்தனைக்கும் மேலே தண்ணீர். காசு செலவழிப்பதென்றால், லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கிறது என்று காட்டுகிற டிடிஎஸ் மீட்டருக்குச் செலவழி. எனக்கு ரூ.280 ஆனது. எங்கள் போர் தண்ணீரில் முக்கிப் பார்த்தால் 1,400 காட்டுகிறது. கீரைக்கு உரம் எல்லாம் போட்ட பிறகே 800, 900 இருந்தால் தாராளம். மீட்டருக்கு உரமும் உப்பும் ஒன்றுதான், பிரித்துச் சொல்லத் தெரியாது. 1,400 என்றால் செடிக்கு வேண்டாத சோடியம்தான் அதில் நிறைய. அதனால் நான் கேன் தண்ணீர் முக்கால், போர் கால். உங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் தாமிரபரணியிலிருந்து தானே வருகிறது, உனக்கு இந்தப் பாடு இருக்காது. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரை மட்டும் தொடாதே. புளிப்பு காரம் பார்க்க மீன்தொட்டிக் கடையில் பிஎச் சொட்டு மருந்து கிடைக்கும், ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள் இருந்தால் நல்லது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் இறங்கும், ரெண்டு நாளில் பழையபடி ஏறிவிடும். குருத்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு ஏறவில்லை என்று பொருள்.

கொசுவை மறக்காதே. கப்புக்கும் ஓட்டைக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து இருந்தாலும் டெங்குக் கொசு உள்ளே போய் முட்டை வைத்துவிடும். நான் மூடியைத் தூக்கினபோது புழு நெளிந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கொசுவலைத் துணியைச் சுற்றி ஒட்டினேன். வீட்டு ஓனருக்கு இன்றுவரை தெரியாது.

எதைப் போடுவது? வெந்தயம், பாலக், தண்டுக்கீரை. புதினாக் கொத்தை வெறுமனே சொருகினாலே வேர் விடும். தக்காளி மிளகாய் ஆசையை இப்போதைக்கு அடக்கு, அது குடம் குடமாகக் குடிக்கும். லெட்டூஸ் நம்ம வெயிலுக்குக் கசந்துபோய்ப் பூத்துவிடும். ஐப்பசியில் ஆரம்பி. சித்திரை வைகாசியில் நானே பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்ஸிஜன் பிடித்து வைக்கும், 35 டிகிரியில் 7 தான். அந்தச் சூட்டில் வேர் பழுப்பாகிக் கொழகொழத்துப் போகிறது.

செலவை ஒளிக்காமல் சொல்கிறேன். ரெண்டு பெட்டி, ஷீட், மீட்டர், குட்டி டிஜிட்டல் தராசு, உரங்கள் எல்லாம் சேர்த்து சுமார் ரூ.1,500. பதினைந்து ரூபாய் கீரைக்கட்டுக்கு இந்தக் காசை ஈடுகட்ட நூறு கட்டு அறுக்க வேண்டும். எங்கள் வீட்டில் நிதியமைச்சர் அந்தக் கணக்கை வாரம் ஒருமுறை வாசிக்கிறார். வாசித்துவிட்டுப் பருப்புக்குக் கீரை கிள்ள அவரேதான் மாடி ஏறுகிறார்.

உரம் எதையும் நீ வாங்க வேண்டாம். எல்லாம் கிலோக் கணக்கில்தான் கொடுத்தார்கள். பத்து லிட்டருக்கு ஏழு கிராம் என்றால் ஒரு கிலோ கால்சியம் நைட்ரேட் 1,400 லிட்டருக்கு வரும். அந்த 0:52:34 நம்ம ரெண்டு பேர் காலத்துக்கும் தீராது. தீபாவளிக்கு மச்சினன் ஊருக்கு வருகிறான், பாதிப் பாதி பொட்டலம் கட்டி, மேலே பேர் எழுதி அனுப்புகிறேன். கால்சியம் நைட்ரேட்டை மட்டும் உடனே மூடி இறுகின டப்பாவில் போட்டு வை, ஈரக்காற்று பட்டால் கருப்பட்டி மாதிரி கசிந்து ஓடும். மீட்டரும் தராசும் நீ வாங்கிக்கொள்.

அவன் திரும்பி வரும்போது உங்கள் கொல்லையில் நிற்கிற சிவப்புத் தண்டுக்கீரை விதை ஒரு கைப்பிடி கொடுத்தனுப்பு. இங்கே பாக்கெட்டில் வருவது தண்டு பருக்கவே மாட்டேன் என்கிறது. கூடவே கடலைமிட்டாய், அரைக் கிலோ. சுகரைப் பற்றி அவனிடம் எதுவும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் கடைசி பெஞ்ச் கூட்டாளி