முட்டியில் அடிக்காதீர்கள், டீச்சர்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை சுற்றுவட்டாரத்துத் தமிழ் வழிப் பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கும் டீச்சர்களுக்கும் மாஷ்களுக்கும் வணக்கம்.

விரல் முட்டிக்கெல்லாம் ஒரு மடலா என்று சிரிக்க வேண்டாம். போன வாரம் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வகுப்பில் நெட்டி முறித்திருக்கிறான். "வாதம் வந்துடும்" என்று சொல்லி, கையைத் திருப்பி நீட்டச் செய்து, மர ஸ்கேலின் விளிம்பால் அதே முட்டியில் போட்டிருக்கிறார்கள். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். முட்டியைக் காப்பாற்ற முட்டியிலேயே அடி!

நெட்டி முறித்தால் மூட்டுவாதம் வரும் என்ற அந்தக் கதையே தப்பு. மூட்டை இழுக்கும்போது உள்ளிருக்கும் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக் குமிழ் உண்டாகிறது. சத்தம் அதனால்தான், எலும்பு நொறுங்கி அல்ல. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் ஐம்பது வருடத்துக்கு மேல் இடது கையில் மட்டும் தினமும் நெட்டி முறித்து, வலது கையைச் சும்மா விட்டுவைத்தார். இரண்டிலுமே வாதம் இல்லை. 2009-ல் அதற்காக, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் வாங்கினார். சரி, ஒருத்தர் கையை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் பலரை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் நெட்டிக்கும் மூட்டுவாதத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. திருஷ்டி கழிக்கிறேன் என்று நெற்றிப்பொட்டில் பத்து விரலையும் முறிக்கும் நம் பாட்டிமாரைக் கேட்டாலே போதும். வகுப்பில் சத்தம் தொந்தரவு என்றால் நிறுத்தச் சொல்லுங்கள், அது நியாயம்.

அடிதான் ஆபத்து. புறங்கை முட்டியில் சதை கிடையாது. தோலுக்கு அடியிலேயே தசைநாண், மூட்டு. அந்த வயதில் உள்ளங்கை எலும்பு நீள வேண்டிய வளர்தட்டும் அந்த முட்டியை ஒட்டித்தான் இருக்கிறது.

அப்புறம் தலையில் விழுவது. மலையாள வகுப்பில் கிழுக்கு, நம் வகுப்பில் குட்டு. மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்ற பழமொழியைச் சொல்கிறவர் யாரும் குட்டு வாங்கும் நேரத்தில் அதைச் சொல்வதில்லை. பிள்ளையாருக்குக்கூட அவரவர் கையால்தான் குட்டிக்கொள்கிறோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் பிள்ளைகளை அடிப்பதையும் மனதளவில் வதைப்பதையும் தடை செய்திருக்கிறது.

முட்டியைப் பாடத்துக்கு எடுங்களேன். கையை மடக்கி, ஆள்காட்டி விரல் முட்டியில் ஜனவரி, அடுத்த பள்ளத்தில் பிப்ரவரி என்று எண்ணினால் மேடெல்லாம் 31 நாள். சுண்டுவிரலில் ஜூலை முடிந்ததும் மறுபடி ஆள்காட்டி விரல் முட்டியிலிருந்து ஆகஸ்ட்.

அடுத்த பி.டி.ஏ. கூட்டத்தில் இதைப் பேச வேண்டும். மர ஸ்கேல் கோடு போட மட்டும் என்று அன்றைக்கே எழுதி, டீச்சர்களும் பெற்றோரும் கையெழுத்துப் போடலாம்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் தாய்