ரூட் இல்லாத ஊரிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நலம். வீட்டில் எல்லாரும் நலம்தானே? ஊர் எப்படி, வீடு எப்படி என்பதையெல்லாம் அம்மாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன், வாங்கிப் படித்துக்கொள். நீ கேட்டது ஒன்றே ஒன்று: ரூட் (சர்வரின் எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) பாஸ்வேர்ட் இல்லாத லினக்ஸ் சர்வரில் ஃபைல் பகிரும் மென்பொருளை ஓட்ட முடியுமா? முடியும்டா. உன் காலேஜ் லேபிலும் இதே வழிதான்.

இங்கே ஆபீஸ் வாழ்க்கை இப்படித்தான். பெரிய சர்வர் ஒன்று, அதில் எல்லாருக்கும் ஆளுக்கொரு கணக்கு, சூடோ (ரூட் அதிகாரத்தைக் கடன் வாங்கும் கமாண்ட்) மட்டும் யாருக்கும் கிடையாது. ஏதாவது நிறுவ வேண்டுமென்றால் அட்மினுக்கு டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். வாடகை வீடு மாதிரி வைத்துக்கொள்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, உள்ளே கட்டிலை எங்கே போடுவது என்பது உன் இஷ்டம். ரூட் கேட்கிற வேலைகள் உண்மையில் கொஞ்சம்தான். ஆப்ட், டிஎன்எஃப் என்ற நிறுவல் கமாண்டுகள் வழியாக மென்பொருள் போடுவது, 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டில் (நெட்வொர்க்கில் நிரல் காத்திருக்கும் கதவு எண்) உட்காருவது, கர்னல் (லினக்ஸின் உட்கரு) வழியாக மவுண்ட் செய்வது, அதாவது வேறு டிஸ்க்கை ஃபோல்டராக இணைப்பது, ஃபயர்வாலையும் கர்னல் அமைப்புகளையும் தொடுவது. விண்டோஸ் முறையில் ஃபைல் பகிரும் சாம்பாவுக்கு 445 போர்ட் வேண்டும், அதனால் அதை மறந்துவிடு. இன்னொரு சர்வரின் டிஸ்க்கை நெட்வொர்க் வழியாக இணைக்கும் என்எஃப்எஸ் மவுண்டும் அப்படியே. மற்றபடி உன் ஹோம் ஃபோல்டருக்குள் உன் பெயரில் ஒரு நிரலை ஓட்டுவதை யாரும் தடுப்பதில்லை.

முதலில் அனுமதி. சர்வரின் பயன்பாட்டு விதியைப் படித்துவிட்டு அட்மினுக்கு இரண்டு வரி மெயில் போட்டுவிடு. ரூட் தேவைப்படாத வேலை என்பதற்காக அது அனுமதிக்கப்பட்ட வேலை ஆகிவிடாது. கணக்கீட்டு கிளஸ்டர்களில் (பல இயந்திரங்கள் சேர்ந்த தொகுதி) லாகின் நோடில், அதாவது எல்லாரும் நுழையும் இயந்திரத்தில், நாள் கணக்கில் ஓடும் நிரலைத் தானாகவே கொன்றுவிடுவார்கள். டோரன்ட் கிளையன்ட்டும் இதே முறையில் ஓடும்தான், ஆனால் ஆபீஸ், காலேஜ் நெட்வொர்க்கில் அந்தப் பக்கமே போகாதே.

நம் இருவருக்கும் நான் சொல்வது சிங்க்திங், இயந்திரங்களுக்கு இடையே ஃபோல்டர்களை ஒரே மாதிரி வைத்திருக்கும் மென்பொருள். நான் கம்ப்யூட்டரை மூடும் நேரத்தில்தான் நீ திறக்கிறாய். சிங்க்திங் நடுவில் எங்கேயும் ஃபைலைச் சேமித்து வைக்காது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விழித்திருந்தால்தான் போக்குவரத்து. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிற மூன்றாவது இயந்திரம் ஒன்று நடுவில் இருந்தால் அந்தத் தொல்லை தீரும். ரூட் இல்லாத சர்வரில் இதை வைப்பதற்கு முதல் காரணமே அதுதான்.

இன்னொரு காரணம், அது கோ மொழியில் எழுதிய ஒற்றை பைனரி (ஓடத் தயாரான நிரல் ஃபைல்). சாதாரண நிரல்களை வேறெங்கோ கம்பைல் செய்து கொண்டுவந்தால் பழைய சர்வரில் ஜிலிப்சி (நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம்) பதிப்பு போதவில்லை என்று முகத்தில் அடிக்கும். இதற்கு அந்தத் தலைவலி கிடையாது.

நிறுவுவதைச் சொல்கிறேன். யூநேம் கமாண்டில் சின்ன எம் கொடுத்துப் பார். எக்ஸ்86-64 என்று வந்தால் ஏஎம்டி64 தொகுப்பு, ஏஆர்ச்64 என்று வந்தால் ஏஆர்எம்64 தொகுப்பு. மாற்றி இறக்கினால் ஓட்டும்போது "எக்ஸெக் ஃபார்மேட் எரர்" வரும். டார் ஃபைலோடு (அந்தத் தொகுப்பு) அதே பக்கத்தில் எஸ்எச்ஏ256 பட்டியலும் (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் கைரேகைகள்) இருக்கும், அதையும் இறக்கிச் சரிபார்த்துவிடு. அவிழ்த்தால் உள்ளே சிங்க்திங் என்ற ஒரே ஒரு பைனரிதான் முக்கியம். ஹோமுக்குள் பின் என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அங்கே வை. டெபியன், உபுண்டுவில் அந்த ஃபோல்டர் இருந்தால் லாகின் ஆகும்போது அது தானாகவே பாத்-இல் (கமாண்டுகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல்) சேரும். லாகின் ஆகும்போது மட்டும்தான், ஆகவே ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழை.

இங்கே சில சர்வர்களில் ஒரு விநோதம் நடக்கும். சிஎச்மாட் போட்டு இயக்க அனுமதி கொடுத்திருப்பாய், எல்எஸ் பட்டியலில் எக்ஸ் தெளிவாகத் தெரியும், ஓட்டினால் "பெர்மிஷன் டினைட்". ஹோம் இருக்கும் பார்ட்டிஷனையே நோஎக்ஸெக் (இங்கிருந்து நிரல் ஓட்டக் கூடாது) என்ற விருப்பத்தோடு மவுண்ட் செய்திருப்பார்கள். ஃபைண்ட்மவுண்ட் கமாண்டில் பெரிய டி விருப்பத்தோடு உன் ஃபோல்டரின் பாதையைக் கொடுத்தால் அது தெரியும். அங்கே நீ செய்ய ஒன்றுமில்லை. ஸ்க்ராட்ச், டேட்டா என்று உனக்கு எழுத அனுமதியுள்ள வேறு பார்ட்டிஷன் இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டால் டிக்கெட்தான். தடையைச் சுற்றிப் போகும் தந்திரங்கள் நெட்டில் கிடைக்கும். வேண்டாம், அட்மின் வேண்டுமென்றே பூட்டிய கதவு அது.

ஓட்டுவதற்கு முன்னால் பாஸ்வேர்ட். பலரும் கோட்டை விடுகிற இடம் இது. சிங்க்திங்கை நடத்தும் பிரவுசர் பக்கம் 127.0.0.1 முகவரியில் (லோக்கல்ஹோஸ்ட், அதாவது அதே இயந்திரம்) 8384 போர்ட்டில் திறக்கும். லோக்கல்ஹோஸ்ட்தானே, வெளியிலிருந்து யார் வரப்போகிறார்கள் என்று தோன்றும். உன் சொந்த லேப்டாப்பில் அது சரி. பொதுச் சர்வரில் லாகின் செய்திருக்கும் அத்தனை பேருக்கும் அது லோக்கல்ஹோஸ்ட்தான். பாஸ்வேர்ட் இல்லாமல் விட்டால் பக்கத்து சீட்டுக்காரர் உன் பக்கத்தைத் திறந்து, உன் ஹோமில் எந்த ஃபோல்டரையும் தன் கம்ப்யூட்டருக்குப் பகிர்ந்துகொள்ளலாம்.

அதனால் முதல் ஓட்டத்துக்கு முன்பே ஜெனரேட் என்ற துணைக் கமாண்டால் அமைப்பு ஃபைலை உருவாக்கி, யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் அதிலேயே கொடுத்துவிடு. பாஸ்வேர்டை மட்டும் கமாண்ட் வரியில் எழுதாதே. பிஎஸ் போட்டால் மற்றவர்கள் கண்ணில் படும், உன் ஷெல் ஹிஸ்டரியிலும் தங்கிவிடும். அதன் இடத்தில் ஒற்றைக் கோடு (-) மட்டும் போட்டால் உள்ளீட்டிலிருந்து வாங்கிக்கொள்ளும். அமைப்பு ஃபோல்டருக்கு 700 அனுமதி இருக்கிறதா என்றும் பார்த்துவிடு. அதில் இருக்கும் கீ ஃபைல்தான் உன் சர்வரின் அடையாளம். அதை இன்னொரு இயந்திரத்துக்கு காப்பி செய்தால் ஒரே ஐடியில் இரண்டு பேர் ஆகிவிடுவார்கள், இணைப்பு குழம்பும்.

சர்வரில் பிரவுசர் இருக்காது. உன் லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழையும் வழி) சுரங்கம் போடு: பெரிய எல் விருப்பத்தில் லேப்டாப்பின் 9384 போர்ட்டை சர்வரின் 8384-க்கு இணைத்து, பிரவுசரில் 9384-ஐத் திற. இரண்டு பக்கமும் 8384 என்று போட்டால், லேப்டாப்பில் ஏற்கெனவே ஓடும் சிங்க்திங்கோடு மோதும். அதைவிட மோசம், எந்த இயந்திரத்தின் பக்கத்தைப் பார்க்கிறோம் என்றே தெரியாமல் தவறான ஃபோல்டரை நீக்கிவைப்போம். சர்வரில் வேறு யாராவது முன்பே 8384-ஐப் பிடித்திருந்தால் உன்னுடையது வேறு எண்ணுக்குப் போயிருக்கும், முதல் ஓட்டத்தின் லாகில் அந்த எண் இருக்கும். பாஸ்வேர்ட் கேட்டு உன்னுடையதை ஏற்கவில்லையென்றால், நீ பார்ப்பது இன்னொருவருடைய பக்கமாக இருக்கலாம்.

அடுத்து, லாகவுட் ஆன பிறகும் ஓட வேண்டும். ஒழுங்கான வழி சிஸ்டம்டியின் (பின்னணி நிரல்களைத் தொடங்கி நடத்துவது) யூசர் சர்வீஸ். ஹோமுக்குள் கான்ஃபிக், சிஸ்டம்டி, யூசர் என்ற வரிசையில் ஃபோல்டர்கள் (கான்ஃபிக்குக்கு முன்னால் ஒரு புள்ளி), அதில் சர்வீஸ் ஃபைல். மாதிரி ஃபைல் டார் தொகுப்புக்குள்ளேயே வரும், அதில் பைனரியின் பாதையை மட்டும் உன்னுடையதாக மாற்று. பிறகு சிஸ்டம்சிடிஎல்லை யூசர் விருப்பத்தோடு எனேபிள் செய்து தொடங்கு. இதோடு நின்றால் நீ கடைசி செஷனை மூடியதும் சர்வீஸும் அணைந்துவிடும். அணையாமல் இருக்க லாகின்சிடிஎல்லில் லிங்கர் என்பதை எனேபிள் செய்ய வேண்டும். சில சர்வர்கள் உன் கணக்குக்கு நீயே செய்ய விடும், சிலவற்றில் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். கேட்டால் டிக்கெட் போடு. ரூட் கொடுங்கள் என்பதைவிட "என் கணக்குக்கு லிங்கர் மட்டும் போதும்" என்று எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும்.

அதுவும் கிடைக்கவில்லையென்றால் டிமக்ஸ், நீ வெளியே வந்தாலும் டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் கருவி. உள்ளே சிங்க்திங்கை ஓட்டிவிட்டுப் பிரிந்து வந்துவிடலாம். ஆனால் லாகின்டி (லாகின்களைக் கவனிக்கும் சிஸ்டம்டி பகுதி) அமைப்பில் யூசர் நிரல்களைக் கொல்லும் விருப்பம் போட்டிருந்தால் லாகவுட்டில் டிமக்ஸும் சேர்ந்து சாகும். அது டிமக்ஸின் குற்றம் இல்லை, லாகவுட்டிலும் நிரலைத் தொடரவிடும் நோஹப் கமாண்ட் போட்டாலும் அதே கதிதான். சர்வர் ரீபூட் ஆனால் மீண்டும் தொடங்க க்ரான்டேப்பில் (க்ரான் என்ற நேர அட்டவணைக் கருவியின் பட்டியல்) ரீபூட் வரி ஒன்று சேர்த்துக்கொள். க்ரானின் பாத் மிகச் சுருக்கமானது, அதனால் பைனரியின் முழுப் பாதையையும் எழுது.

ஒரே பெயரின் பின்னால் பல லாகின் நோடுகள் இருக்கும் இடங்களில் இன்னொன்றும் நடக்கும். நேற்று இரண்டாவது நோடில் டிமக்ஸ், இன்று முதல் நோடில் வந்து விழுவாய், டிமக்ஸைக் காணோம் என்று தேடுவாய். புதிதாக இன்னொன்றைத் தொடங்கிவிடாதே. ஹோம் ஒன்றுதான், ஆகவே சிங்க்திங் ஃபைல் கணக்கை வைத்திருக்கும் ஒரே டேட்டாபேஸை இரண்டு நிரல்கள் பிடித்து இழுக்கும். ஹோஸ்ட்நேம் பார்த்து, பழைய நோடுக்கே போ.

ஹோம் என்எஃப்எஸ்-இல் இருந்தால் டேட்டாபேஸ் ஃபோல்டரை சர்வரின் சொந்த டிஸ்க்குக்கு மாற்று. என்எஃப்எஸ் பூட்டுகளை டேட்டாபேஸ்கள் நம்புவதில்லை, நானும் நம்பமாட்டேன். கோட்டாவையும் பார். சிங்க்திங் டிஸ்க்கில் 1 சதவீதம் மீதி இருக்கிறதா என்று பார்த்துத்தான் எழுதும், ஆனால் பெரும்பாலும் அது பார்ப்பது முழு டிஸ்க்கை, உனக்கு அளந்து கொடுத்த பங்கை அல்ல. கோட்டா நிறைந்தால் சிங்க்திங் மட்டும் நிற்காது, உன் காலேஜ் வேலையின் ஃபைல்களும் எழுத முடியாமல் பாதியில் நிற்கும். பழைய பதிப்புகளைச் சேர்த்து வைக்கும் வசதியை சர்வரில் அணைத்துவிட்டு உன் லேப்டாப்பில் மட்டும் வை.

இன்னொரு பிழைச் செய்தி ஆளைக் குழப்பும். "இடமில்லை" என்று வரும், டிஎஃப் போட்டால் டிஸ்க் பாதி காலி. தீர்ந்தது டிஸ்க் அல்ல, ஐநோட்டிஃபை வாட்ச்கள். மாற்றங்களைக் கவனிக்க ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு வாட்ச் வேண்டும். பழைய கர்னல்களில் ஒரு யூசருக்கு 8192 தான். 5.11 கர்னலிலிருந்து மெமரியைப் பார்த்து எல்லை தானாகக் கூடும். எண்ணைக் கூட்ட ரூட் வேண்டும், நமக்கு இல்லை. அந்த ஃபோல்டருக்குக் கவனிப்பதை அணைத்துவிட்டு மறு ஸ்கேன் இடைவெளியை நம்பியிரு. கவனிப்பு இருக்கும்போது முழு ஸ்கேன் 3600 வினாடிக்கு ஒருமுறை, கவனிப்பை அணைத்தால் 600 போல வைத்துக்கொள்.

நெட்வொர்க்கில் நீ தொட வேண்டியது அதிகமில்லை. உள்ளே வரும் இணைப்புக்கு சிங்க்திங் பயன்படுத்தும் 22000 போர்ட் காலேஜ் ஃபயர்வாலில் மூடியிருக்கும், வெளியே போவது திறந்திருந்தால் போதும். நேரடி இணைப்பு கிடைக்காவிட்டால் ரிலே சர்வர் (நடுவில் கடத்திவிடும் இயந்திரம்) வழியாகப் போகும். அது மெதுவாக இருக்கும், ஆனால் ரிலேக்காரரால் உள்ளடக்கத்தைப் படிக்க முடியாது. முழுக்கவும் மூடியிருந்தால் எஸ்எஸ்எச் மேல் ஆர்சிங்க் (ஃபைல்களை காப்பி செய்யும் கமாண்ட்), பார்ஷியல் விருப்பத்தோடு. பாதியில் அறுந்தாலும் இறங்கிய பகுதி வீணாகாது.

குடும்பப் பத்திரங்களை காலேஜ் சர்வரில் அப்படியே வைக்காதே. சர்வரில் அந்த ஃபோல்டரின் வகையை "என்க்ரிப்ட் செய்து பெறுவது மட்டும்" என்று வை, உன் லேப்டாப்பிலும் என் லேப்டாப்பிலும் ஒரே கடவுச்சொல்லைக் கொடுப்போம். சர்வரில் ஃபைலின் பெயர்கூடத் தெரியாது. கடவுச்சொல்லைத் தொலைத்தால் சர்வரில் இருப்பது வெறும் குப்பை, ஞாபகம் வைத்துக்கொள்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது, ஃபைல்களுக்குத் தமிழில் நீளநீளமாகப் பெயர் வைப்பாய் நீ. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. தமிழில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கால், கொம்புகளும் தனித்தனியாக எண்ணப்படும், ஒவ்வொன்றும் 3 பைட். "குடும்பப் புகைப்படங்கள்" பார்வைக்கு 13 எழுத்து, சேமித்தால் 67 பைட். இரண்டு பேர் ஒரே ஃபைலைத் திருத்தினால் தேதி, நேரத்தோடு மோதல் காப்பி ஒன்று உருவாகும், அந்த ஒட்டுக்கும் இடம் வேண்டும். பெயர்களைச் சுருக்கு.

சர்வரில் ஓடத் தொடங்கியதும் அதன் ஐடியையும் உன் லேப்டாப்பின் ஐடியையும் எனக்கு அனுப்பு. 7 எழுத்துகள் கொண்ட 8 தொகுதிகளாக இருக்கும். அது ரகசியம் அல்ல, மெயிலில் போடலாம். கடவுச்சொல்லை மட்டும் போனில் சொல், மெயிலில் வேண்டாம். நான் இந்தப் பக்கம் சேர்த்த பிறகு நீயும் அந்தப் பக்கம் ஏற்க வேண்டும், ஒரு பக்கம் மட்டும் சேர்த்தால் இணைப்பு வராது. முதலில் ஒரே ஒரு சின்ன ஃபோல்டர் போட்டுப் பார்ப்போம். அப்பா ஸ்கேன் செய்து வைத்திருப்பவை அதன் பிறகு.

அன்புடன்,
அக்கா