கறுப்பர் ஓட்டு நிறம் பார்த்தா விழுகிறது?

ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தேர்தல் பற்றிய கட்டுரையில், 2008இல் கறுப்பின மக்கள் நிறம் பார்த்தே ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று போகிறபோக்கில் சொல்லப்பட்டிருந்தது. அப்படியானால் 2004இல், கறுப்பின வாக்காளர்கள் நிறைய உள்ள தென் கரோலினா மாநிலத்தில், ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் தேர்வில் அல் ஷார்ப்டன் ஏன் தோற்றார்? அவரும் கறுப்பர்தான். அங்கே ஜெயித்தது வெள்ளையரான ஜான் எட்வர்ட்ஸ். 2020இலும் அங்குள்ள கறுப்பின வாக்காளர்களில் பெரும்பான்மையோர் பைடன் பக்கம்தான் நின்றார்கள்.

2008 ஜனவரி 3 அன்று அயோவாவில் நடந்த அதே கட்சியின் வேட்பாளர் தேர்வையும் பார்க்க வேண்டும். வெள்ளையர்கள் நிறைந்த மாநிலம். ரகசிய ஓட்டுக்கூட இல்லை. பள்ளிக்கூட அரங்குகளில், அக்கம்பக்கத்தார் பார்க்க, ஒபாமா அணி நிற்கும் மூலைக்குப் போய் நிற்க வேண்டியிருந்தது. நின்றார்கள், ஒபாமா ஜெயித்தார். கறுப்பர்களிடமும் செல்வாக்கோடு இருந்த போட்டியாளர் ஹிலாரி கிளிண்டனின் பிடி அதற்கப்புறம்தான் வேகமாகத் தளர்ந்தது. ஒபாமா ஜெயிக்கக்கூடியவரா என்று கறுப்பர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். எந்த வாக்காளரும் செய்வதுதானே?

நிறம் ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லவில்லை. அதே 2008 வேட்பாளர் தேர்வில், மேற்கு வர்ஜீனியாவில் ஓட்டுப் போட்ட வெள்ளையரில் சுமார் ஐந்தில் ஒருவர், இனத்தையும் கருதியே ஓட்டுப் போட்டதாகக் கருத்துக்கணிப்பில் ஒப்புக்கொண்டார்கள். கட்டுரையாளர் அதை ஏன் விட்டுவிட்டார்?

– வாசகர், திருச்சி