சுதி சேர்ப்பதற்கு முன்னாலேயே போய் உட்கார்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுவது. வீட்டில் எல்லாரும் சௌக்கியம். லண்டன் ஆல்பர்ட் ஹாலில் சினிமா இசைக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. எண்பது, தொண்ணூறு பேர் மேடையில் உட்கார்ந்து வாசிப்பார்கள், சில காட்சிகளைத் திரையில் ஓடவிட்டு அதற்கு நேரிலேயே இசை கொடுப்பார்கள் என்றாய். "உங்களுக்குப் பிடிச்சதா நிறைய இருக்குப்பா, எதைக் கவனிக்கணும்னு சொல்லுங்க" என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. எழுதுகிறேன், நிதானமாகப் படி.

எனக்கு இந்த இசை வந்து சேர்ந்தது ஆபரேட்டர் ரூமில். கிருஷ்ணகிரியில் நான் வேலை பார்த்த தியேட்டரில் நாளுக்கு நாலு காட்சி. சேலத்திலிருந்து பஸ்ஸில் படப்பெட்டி வந்து இறங்கினால், படம் போகும்வரை அதே ரீல்கள்தான் காலையிலிருந்து இரவுவரை. முதல் இரண்டு நாள் கதையைப் பார்ப்போம். அப்புறம் கண் முழுக்க மெஷின் மேலேயே இருக்கும். மெஷினுக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சி எரிந்து குறையக் குறையத் தள்ளிவிட வேண்டும், அடுத்த ரீலை இன்னொரு மெஷினில் மாட்டிவைக்க வேண்டும், திரையின் மேல் மூலையில் புள்ளி விழுந்ததும் மாற்ற வேண்டும். காது மட்டும் சும்மா இருக்கும். வசனம் மனப்பாடம் ஆகிவிடும், பாட்டும் ஆகிவிடும். கடைசியில் மிச்சம் இருப்பது பின்னணி இசைதான். வெளியே உட்கார்ந்து ஒருமுறை பார்ப்பவர் அதைத் தனியாகக் கேட்பதே இல்லை, நான் அதைத்தான் அதிகம் கேட்டேன்.

ஒலி எனக்குக் கண்ணுக்கும் தெரிந்த பொருள். பிலிமை வெளிச்சத்தில் பிடித்தால் படத்துக்கும் ஓட்டைகளுக்கும் நடுவில் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு நெளிந்து நெளிந்து போகும். அதுதான் சவுண்ட் ட்ராக். ஒரு சின்ன பல்பின் வெளிச்சம் அதன் வழியாகப் போய், கூடிக் குறைந்து, மறுபக்கம் மின்சாரமாகி ஸ்பீக்கருக்குப் போகிறது. அந்தக் கோட்டைப் படிக்கும் சவுண்ட் ஹெட் படம் விழும் இடத்துக்குக் கீழே இருப்பதால், ஒலியைப் படத்துக்கு ஏறத்தாழ 20 பிரேம் முன்னாலேயே அச்சிட்டிருப்பார்கள். ஒரு நொடிக்கு 24 பிரேம் என்றால் கிட்டத்தட்ட ஒரு நொடி முன்னால். நல்ல அமைதியான இடத்தில் அந்தக் கோடு நேராக இருக்கும். இசை தொடங்கும் இடத்தில் நெளியத் தொடங்கும். இசை எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது என்று கவனிக்கும் பழக்கம் எனக்கு அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

உனக்குச் சொல்ல நினைப்பதும் அதுவேதான். மெட்டு நல்லா இருக்கிறதா என்று எல்லாரும் கேட்பார்கள். நீ இசை எந்த நொடியில் உள்ளே வருகிறது, எந்த நொடியில் விலகுகிறது என்று பார். இசையமைப்பாளர் அங்கேதான் தெரிவார்.

நிகழ்ச்சியில் 'ஜாஸ்' என்கிற சுறாப் படம் இருக்கிறது என்றாயே. 1975இல் ஜான் வில்லியம்ஸ் இசையமைத்தது. இரண்டே ஸ்வரம், அடித்தொண்டையில் மாறி மாறி. படத்தின் டைரக்டர் ஸ்பீல்பெர்க் முதலில் அதைக் கேட்டதும் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாராம். கடலுக்கடியில் சுறா இருக்கிறது என்றால் அந்த இரண்டு ஸ்வரம் வரும். நடுவில் இரண்டு பையன்கள் அட்டையில் சுறாவின் முதுகுத் துடுப்பு செய்து தண்ணீரில் நீந்தி ஊரையே ஓடவைப்பார்கள். அந்த இடத்தில் இசை வராது! ஜனங்கள் அலறுகிறார்கள், இசை பேசாமல் இருக்கிறது. நாம் அதை மனதில் குறித்துக்கொண்டு, இசை வந்தால்தான் சுறா என்று நம்பிவிடுகிறோம். பிறகு ஒருநாள் படகிலிருந்து இரை அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும்போது, எந்த இசையும் இல்லாமல் சுறா தலையைத் தூக்குகிறது. தியேட்டரே எழுந்து உட்காரும். காலைக் காட்சிக்கு நாங்கள் ஆங்கிலப் படம் போடுவோம். அந்த இடம் வரும்போது நான் மெஷினை விட்டுவிட்டு ஓட்டை வழியாகத் திரையைப் பார்க்காமல் ஜனங்களைப் பார்ப்பேன்.

'சைக்கோ' 1960. பெர்னார்ட் ஹெர்மன் அதற்குத் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்துக்கொண்டார். ஊதுகுழல் இல்லை, முரசு இல்லை. குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். ஹெர்மன் எழுதிக் காட்டியதும் ஒத்துக்கொண்டார். அந்தக் கீச்சுக்குரல் வயலினில் எப்படி வருகிறது என்று நீ நேரில் பார்க்கப்போகிறாய். வில்களைப் பார், எல்லாம் ஒரே திசையில் வெட்டுகிற மாதிரி இழுப்பார்கள்.

நம்ம ஊர்ப் படத்துக்கு வருகிறேன். 1991 தீபாவளிக்கு 'தளபதி'. படம் கறுப்பு வெள்ளையில் தொடங்கும். சின்னப் பெண் பெற்ற குழந்தையைக் கூட்ஸ் ரயிலில் வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடுவாள். அந்த ரயில் சத்தத்தை இளையராஜா சார் படம் முழுக்க ஒரு வாத்தியமாகவே வைத்துக்கொண்டார் என்பது என் எண்ணம். கோயிலில் தாயும் மகனும் ஒருவரையொருவர் அறியாமல் நிற்கும்போது தூரத்தில் ரயில் கூவும், இருவரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். வசனம் ஒரு வரி இல்லை. 'சின்னத்தாயவள்' மெட்டு அங்கங்கே வார்த்தையில்லாமல் வந்து போகும். அவள் யார் என்று அவனுக்குத் தெரிவதற்கு எவ்வளவோ முன்னாலேயே அந்த மெட்டுக்குத் தெரியும். காட்சிக்குக் காட்சி கேட்டுக் கேட்டு, மெட்டு வரப்போகிறது என்று தெரிந்தே எனக்கு நெஞ்சு அடைக்கும். அதே படத்தில் 'சுந்தரி கண்ணால் ஒரு சேதி'யில் போர்க்களக் காட்சி வரும். மொத்த வாத்தியக்குழுவும் எழும்பி அடிக்கும், அது அடங்கின இடத்தில் ஜானகி அம்மா குரல் தனியாக நிற்கும். அத்தனை பேர் வாசித்து நிறுத்தியதால்தான் அந்தத் தனிமை அவ்வளவு பெரிதாகக் கேட்கிறது.

ராஜா சார் ரீலை ஓட்டிப் பார்த்துவிட்டு, எந்த வாத்தியத்தையும் தொடாமல், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நொட்டேஷனை நேரடியாகத் தாளில் எழுதிக் கொடுப்பார் என்று அவரோடு வாசித்தவர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். 'ஹே ராம்' இன்னும் அதிசயம். அதில் பாடல் காட்சிகள் வேறொருவர் இசைக்கு ஏற்கெனவே படமாகியிருந்தன. உதட்டசைவு பிசகாமல் அவற்றுக்குப் புது மெட்டு போட்டார். வாத்தியக்குழுப் பதிவு புடாபெஸ்டில் நடந்தது. 2025 மார்ச் 8 அன்று லண்டனிலேயே சிம்பொனி அரங்கேற்றினார், அன்றைக்கு உனக்கு வேலை, போக முடியவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் இந்தக் கச்சேரிக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அவருக்கு முன்னால் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இருந்தார்கள். 1964இல் 'புதிய பறவை'யில் வந்த 'எங்கே நிம்மதி'யை ஒருநாள் ஹெட்போன் போட்டு, டி.எம்.எஸ். குரலை விட்டுவிட்டுப் பின்னால் நடப்பதை மட்டும் கேள். ராமமூர்த்தி வயலின் கலைஞர். தந்திக் கூட்டத்தை எங்கே கூட்டுவது, எங்கே கலைப்பது என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

கச்சேரிக்குக் கொஞ்சம் முன்னாலேயே போய் உட்கார். எல்லாரும் வந்து அமர்ந்ததும் ஒரே ஒரு வாத்தியம் நீட்டி ஒரு ஸ்வரம் கொடுக்கும், மற்றவர்கள் எல்லாம் அதற்குச் சுதி சேர்ப்பார்கள். அது ஓபோ. அதன் வாயில் வைப்பது இரட்டை நாணல், நம்ம நாதஸ்வரத்துச் சீவாளி மாதிரி. தருமபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும்போது உன்னைத் தோளில் வைத்துக் கூட்டிப்போவேனே, அங்கே பாட்டுக்குப் பின்னாலேயே ஒன்று மூக்கால் அழுவதுபோல இழைத்துக்கொண்டு வரும், "அது என்னப்பா" என்று கேட்பாய். முகவீணை. அதுவும் சீவாளி வாத்தியம்தான். நீ அனுப்பிய பட்டியலில் 'தி மிஷன்' இருக்கிறது. 1986, என்னியோ மோரிகோனே. காட்டுக்குள் ஒரு பாதிரியார் ஓபோவை எடுத்து வாசிக்கிறார், சுற்றி வில்லோடு நிற்கும் மக்கள் நெருங்கி வருகிறார்கள். அந்தப் படத்தை நான் நீ வாங்கிக் கொடுத்த லேப்டாப்பில்தான் பார்த்தேன். முதல் வரி வந்ததுமே கூத்துக்கொட்டகை ஞாபகம் வந்துவிட்டது. அந்தக் குரலுக்கு மண்ணும் நாடும் தெரியாது போலிருக்கிறது.

மோரிகோனே பற்றி இன்னொன்று. செர்ஜியோ லியோனியின் 1968ஆம் வருஷப் படம் ஒன்றுக்கு இசையை முதலில் பதிவு செய்துவிட்டு, படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு நடிகர்களை நடக்கவைத்தார்கள். கேமரா நகர்வதுகூட அந்தத் தாளத்தில்தான். 1966இல் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி'யில் கல்லறைகளுக்கு நடுவே ஒருவன் ஓடுகிற இடத்தில் ஒரு பெண்குரல் வார்த்தையே இல்லாமல் ஏறிக்கொண்டே போகும், எட்டா டெல்லோர்சோ பாடியது. நம்ம ஜானகி அம்மா ஹம்மிங் கேட்டு வளர்ந்த உனக்கு அது புதிதாகத் தெரியாது.

'ஈ.டி.' கடைசிக் காட்சியைத் திரையில் போட்டு வாசிப்பார்கள் என்றாயே, அதைத் தவறவிடாதே. 1982இல் அந்த இசையைப் பதிவு செய்தபோது படத்தின் வெட்டுக்குச் சரியாக வாசிப்பது சிரமமாக இருந்தது. ஸ்பீல்பெர்க் திரையை அணைக்கச் சொல்லி, கச்சேரியில் வாசிப்பதுபோல வாசிக்கச் சொன்னார். பிறகு இசைக்கு ஏற்றபடி படத்தை வெட்டினார். இப்போது மேடையில் அதையே மறுபடி படத்தோடு பொருத்தி வாசிக்கப்போகிறார்கள். வாத்தியக்குழுவை நடத்துகிறவருக்கு முன்னால் சின்னத் திரை இருக்கும், உன் இடத்திலிருந்து தெரிகிறதா பார். அதில் ஒரு கோடு குறுக்கே நகர்ந்து வந்து முடியும் இடத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடிக்கும், அந்த நொடியில் இசை விழ வேண்டும். பழைய காலத்தில் பிலிம் மேலேயே கோடு கீறி, ஓட்டை போட்டு வைப்பார்கள். ஓட்டை வழியாக வெளிச்சம் பாய்வதுதான் அந்தப் பளிச்.

இப்போது வருகிற படங்கள் நிறையவற்றில் இசை நிற்பதே இல்லை. கதவைத் திறந்தாலும் முரசு, மூடினாலும் முரசு. நிற்காத இசைக்கு நுழைவு என்று ஒன்று எப்படி இருக்கும்? இதை வயசானவர் குறை என்று எடுத்துக்கொள்ளாதே. மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' 1979இல் வந்தது, போட்டுப் பார். பேச்சும் கொஞ்சம்தான், இசையும் கொஞ்சம்தான். வரும் இடத்தில் வரும். 'நாயகன்' படத்தில் 'தென்பாண்டிச் சீமையிலே' எத்தனை விதமாகத் திரும்பத் திரும்ப வருகிறது என்று கேள். அந்த ஆள் ஏறுவதும் இறங்குவதும் அந்த ஒரே மெட்டுக்குள் இருக்கிறது.

மேடையைப் பார்க்கும்போது முதல் வயலின்காரர்களோடு நின்றுவிடாதே. அவர்கள் இடது பக்கம் இருப்பார்கள், மெட்டு பெரும்பாலும் அவர்களிடம்தான். நடுவில் வயோலா என்று ஒரு வரிசை இருக்கும், வயலினைவிடக் கொஞ்சம் பெரியது. தனியாக யாரும் அதை முணுமுணுக்க மாட்டார்கள். ஆனால் நடுவில் அவர்கள் ஒரு ஸ்வரத்தை மாற்றினால் மேலே இருக்கும் மெட்டின் முகமே மாறிவிடும். வலது ஓரத்தில் ஆள் உயரத்துக்கு நிற்பது டபுள் பாஸ். தியேட்டர் ஸ்பீக்கரில் அது எனக்குச் சரியாகக் கேட்டதே இல்லை, தரையில் அதிர்வதை மட்டும் உணர்ந்திருக்கிறேன். நேரில் எப்படி இருக்கிறது என்று எனக்குச் சொல்ல வேண்டும், காதில் கேட்கிறதா, காலில் தெரிகிறதா என்று.

போனில் பதிவு செய்கிறேன் என்று கையைத் தூக்கிக்கொண்டிருக்காதே. நீ கேட்டுவிட்டு வந்து எழுது. எந்த இடத்தில் இசை நின்றது, நின்றபோது அரங்கில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள், அது போதும்.

மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறோம், பெங்களூரிலிருந்து அடுத்த மாதம் உங்கள் பக்கம் வரும் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. உள்ளே போனதும் எடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா
கிருஷ்ணகிரி