ராத்திரி அடுப்படியை மகனிடம் ஒப்படையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து கலந்தாய்வு முடியும் வரை நாளிதழ்களில் கல்லூரி வழிகாட்டிப் பக்கங்கள் தவறாமல் வருகின்றன. கட் ஆஃப், கட்டணம், விடுதி வசதி, கல்விக் கடன் என்று எல்லாம் இருக்கிறது. அந்த விடுதிக்கோ வாடகை அறைக்கோ போகிற பையனுக்குத் தன் சட்டையைத் துவைக்கத் தெரியுமா, ஒரு ரசம் வைக்கத் தெரியுமா, கூடத் தங்கியிருப்பவன் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கத் தெரியுமா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மேல்நிலை வகுப்பில் மனையியல் என்று ஒரு பாடம் உண்டு. அதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆகவே பையனுக்கு இந்தப் பாடத்தில் வாய்க்கிற ஆசிரியை அவன் அம்மாதான். அந்தப் பாடத்தைக் கற்பித்தவர்கள் என்ற முறையில் அம்மாக்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்கள் 97 நிமிடம். 2024 ஆய்வில் இது 289, 88 என்று ஆனது. இருவருக்கும் பத்து நிமிடம் போலக் குறைந்திருக்கிறது. நடுவில் உள்ள மூன்றேகால் மணி நேரத்துக்கும் மேலான இடைவெளி அப்படியே நிற்கிறது. மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் வந்த பிறகும் இதுதான் நிலை. இயந்திரத்தில் யார் துணியைப் போடுவது என்பது மாறவில்லை.

தங்கள் மகனும் வேலை செய்வான் என்று பல அம்மாக்கள் சொல்வார்கள். கேட்டுப் பார்த்தால் அது எடுபிடி வேலையாக இருக்கும். "கடைக்குப் போய்ட்டு வாப்பா", "அந்தத் தட்டை எடுத்து வை", "தண்ணி கேனை மாத்திப் போடு". கை அவனுடையது; கண் இன்னும் அம்மாவுடையது. உப்பு தீரப் போகிறது, பால் திரியப் போகிறது, தங்கச்சி இன்னும் சாப்பிடவில்லை என்பதெல்லாம் அவன் பார்வையில் படுவதே இல்லை. இப்படி வளர்ந்தவன் கல்யாணமாகி, நல்ல மனதோடுதான், மனைவியிடம் "என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்" என்பான். அந்தப் பெண்ணுக்கு வருகிற எரிச்சலுக்கு விதை மாமியாரின் அடுப்படியில் போட்டது.

எனவே பத்து வேலைகளில் கொஞ்சம் கொஞ்சம் தராமல், ஒரே வேலையை முழுதாகக் கொடுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையனுக்கு ஏற்றது ராத்திரி அடுப்படியை ஒதுங்க வைப்பது. அதற்குள் எத்தனை அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். மிஞ்சிய குழம்பைச் சின்னப் பாத்திரத்துக்கு மாற்றுவது. மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றுவது. பாலைக் காய்ச்சி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைப்பது. பிறகு பாத்திரம். தட்டுகளில் உள்ளதை முதலில் வழித்துப் போட வேண்டும், இல்லையென்றால் தொட்டி அடைக்கும். டம்ளர் முதலில், எண்ணெய்ச் சட்டி கடைசியில். வரிசை மாறினால் டம்ளரெல்லாம் எண்ணெய் பிசுபிசுக்கும். நான்ஸ்டிக் சட்டியில் கம்பி நார் படக்கூடாது. இரும்பு தோசைக்கல்லைச் சோப்புப் போட்டு ஊறவைத்தால் மறுநாள் தோசை ஒட்டும். துணியால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைத்தால் போதும். மிக்ஸி ஜாரைக் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் பிளேடுக்குக் கீழேயும் பார்க்க வேண்டும், அங்கேதான் சட்னி தங்கி நாறும். குக்கர் மூடியில் கேஸ்கட்டைக் கழற்றித் தனியே கழுவி, ஆவிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் துவாரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பருப்பு நுரை காய்ந்து அடைத்திருந்தால் அடுத்த நாள் விசில் வராது, ஆபத்துதான் வரும். மக்கும் குப்பை வேறு, மக்காத குப்பை வேறு. காலையில் இட்லி என்றால் மாவு பொங்கி வரப் பாத்திரத்தில் இடமிருக்கிறதா என்று ஒரு பார்வை. கடைசியாக அடுப்பைத் துடைத்து ரெகுலேட்டரை மூடுவது.

எல்லாம் சேர்த்து நாற்பது நிமிட வேலை. பையனுக்கு முதலில் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

ஒப்படைக்கும் முறையில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். முதல் வாரம் அம்மா செய்ய, அவன் பக்கத்தில் நின்று அடுத்து என்ன என்பதை வாயால் சொல்லட்டும். அடுத்த இரண்டு வாரம் அவன் செய்ய, அம்மா பேசாமல் நிற்கட்டும். நான்காவது வாரம் அம்மா அடுப்படியை விட்டு வெளியே போய்விட வேண்டும். போய் உட்காருங்கள், டிவி பாருங்கள், தூங்குங்கள். அங்கே இருந்துகொண்டே "அதைச் செஞ்சியா, இதைச் செஞ்சியா" என்று குரல் கொடுத்தால் பழைய கதைதான். கண் உங்களிடமே இருக்கிறது. அவன் கழுவி வைத்த பாத்திரத்தை அவன் எதிரிலேயே எடுத்து மறுபடி கழுவுவது எல்லாவற்றையும் விட மோசம். "நாம செஞ்சா சரியா வராது" என்பதைப் பையன்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். அதைக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தவும் கற்றுக்கொள்வார்கள். பிசுக்கு இருந்தால் காலையில் அந்தப் பாத்திரத்தை அவனிடமே கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாலைக் காய்ச்ச மறந்தான், காலையில் திரிந்து கிடக்கிறது என்றால், அன்று வீட்டில் எல்லோருக்கும் வரக்காபி. ஓடிப்போய் இன்னொரு பாக்கெட் வாங்கி வந்து மூடி மறைக்காதீர்கள். ஒரே ஒரு விதிவிலக்கு கேஸ். ரெகுலேட்டர் மூடியிருக்கிறதா என்பதை ஆறு மாதத்துக்காவது நீங்களும் தினம் பார்க்க வேண்டும். நெருப்பில் பட்டுத் திருந்த விடமுடியாது. வாடை வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. கதவு ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906-க்குப் பேச வேண்டும். சமையல் எரிவாயு காற்றை விடக் கனமானது, தரையோடு தங்கும் என்பதையும் சொன்னால்தான் ஜன்னல் மட்டுமல்ல, கதவும் ஏன் திறக்க வேண்டும் என்று அவனுக்குப் புரியும்.

அடுத்த வேலை பரிமாறுவது. நம் வீடுகளில் பையனுக்கு முதலில் வைத்து, அம்மா கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறாள். பொரியலில் பங்கு குறைவது அக்காவுக்கு, முட்டை இல்லாமல் போவது அம்மாவுக்கு. இதைப் பற்றி அறிவுரை சொல்லிப் பயனில்லை. வாரத்தில் இரண்டு நாள் கரண்டியை அவன் கையில் கொடுத்து, அம்மா எல்லோரோடும் உட்கார்ந்துவிட வேண்டும். ஐந்து பேருக்கு நான்கு மீன் துண்டு இருந்தால் என்ன செய்வது என்பதை அவன் கை முடிவு செய்யட்டும். முதல் நாள் அப்பாவுக்கு அள்ளி வைத்துவிட்டுக் கடைசியில் தனக்கு வெறும் குழம்போடு உட்காருவான். மூன்றாவது தடவை, பரிமாறும் முன்பே சட்டிக்குள் எட்டிப் பார்ப்பான். அந்த எட்டிப் பார்த்தல் வருவதற்காகத்தான் இத்தனையும்.

"ஆம்பளப் பிள்ளையப் போயி பாத்திரம் வெளக்க விடுறியே" என்று அப்பத்தா சத்தம் போடுவார். எதிர்த்து வாதாட வேண்டாம். பேரன் போட்ட காபியைப் பேரன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். வாதாடித்தான் ஆகவேண்டும் என்றால், திருமங்கலம் அருகே கரும்பாறை முத்தையா கோயில் கறிவிருந்தைச் சொல்லலாம். பெண்கள் வராத அந்த விழாவில் ஆட்டை உரிப்பது முதல் சோறு வடித்துப் பரிமாறுவது வரை ஆண்கள்தான். கோயிலில் குறையாத ஆண்மை வீட்டில் எப்படிக் குறையும்?

தலைகீழான தவறும் ஒன்று உண்டு. தம்பி ஒரு நாள் ரசம் வைத்தால் சித்தி வீடு வரை போன் போகிறது. அக்கா எட்டாம் வகுப்பிலிருந்து வைப்பது யார் கண்ணிலும் படவில்லை. தன் வீட்டு வேலையைச் செய்வதைத் தியாகம் என்று அவன் நினைக்கத் தொடங்குவது இங்கேதான். அக்காவுக்கு என்ன சொல்வீர்களோ அதையே அவனுக்கும் சொல்லுங்கள்: "உப்பு கொஞ்சம் கம்மி."

ரசம் என்றதும் ஒரு வார்த்தை. பதினைந்து வயதுக்குள் சோறு, பருப்பு, ரசம், ஒரு பொரியல், முட்டை ஆகிய ஐந்தும் வந்துவிட வேண்டும். குக்கரில் பருப்போ அரிசியோ தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது. பருப்பில் சில சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். ஆவி தானாக அடங்கும் முன் மூடியை இழுக்கக் கூடாது. நான்கு பேர் ரசத்துக்கு நெல்லிக்காய் அளவு புளி, ஒரு தக்காளி, மிளகும் சீரகமும் ஒவ்வொரு டீஸ்பூன், நாலு பல் பூண்டு. நுரை கட்டி வரும்போதே இறக்க வேண்டும்; தளதளவென்று கொதித்தால் மணம் போய்விடும். தாளிக்கும்போது பையன்கள் எண்ணெய் காயும் முன்பே கடுகைப் போடுவார்கள், அது வெடிக்காமல் கிடந்து கசக்கும். கறிவேப்பிலையை ஈரத்தோடு போட்டால் முகத்தில் தெறிக்கும். சோறு வடிப்பதை மட்டும் மேடைக்கு மேல் நன்றாக உயரம் வந்த பிறகு விடுங்கள். ஆவிக் காயம் பெரும்பாலும் சின்னக் கையில்தான்.

துணி விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். பத்து வயதிலிருந்து உள்ளாடையை அவனே துவைக்க வேண்டும். வெள்ளை வேறு, சாயம் போவது வேறு. ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் நாற்றம் எடுக்கும், அரை மணி நேரம் போதும். பவுடர் அதிகம் போட்டால் அழுக்கு அதிகம் போகாது, துணியில் வெள்ளைத் திட்டுதான் நிற்கும். கழிவறை கழுவும்போது ஆசிட் திரவத்தையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

பல அம்மாக்கள் வாய் திறக்காத இடம் உடம்பு. மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்து ஊரைக் கூட்டுகிறோம். மகனுக்குக் குரல் உடைந்தால் கேலி மட்டும்தான். தூக்கத்தில் விந்து வெளியாவது நோயல்ல என்று அப்பாவோ தாய்மாமனோ சொல்ல வேண்டும். அவர்கள் சொல்லவில்லை என்றால் அம்மாவே சொல்லலாம், இரண்டு வாக்கியம் போதும். யாரும் சொல்லாவிட்டால் லாட்ஜில் முகாம் போடும் வைத்தியர்களின் விளம்பரம் சொல்லும். அவை நாளிதழ்களில்தான் வருகின்றன என்பதையும் ஆசிரியர் பொறுத்தருள வேண்டும். தொடையிடுக்கில் அரிப்பு என்றால் படர்தாமரையாக இருக்கலாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையைப் பரப்பும். மருத்துவரைப் பார்ப்பதும், துண்டைப் பகிராமல் இருப்பதும், இறுக்கமான ஜீன்ஸைக் குறைப்பதும்தான் வழி. அப்படியே, நாப்கின் வாங்கி வரச் சொல்லி அவனைக் கடைக்கு அனுப்புங்கள். கறுப்புப் பையில் சுற்றாமல், பருப்பு வாங்குகிற பையிலேயே வரட்டும்.

அப்பா இதில் எங்கே என்று கேட்கலாம். நியாயம்தான். அப்பா சாப்பிட்ட தட்டு மேசையிலேயே கிடக்கும் வீட்டில் அம்மா சொல்வது பாதிதான் ஏறும். அப்பாவின் தட்டையாவது அவரே கழுவினால் போதும், பாடம் பாதி முடிந்த மாதிரி.

வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு இன்னொன்று. பையனுக்குக் கற்றுக் கொடுக்கும் முதல் மூன்று மாதம் உங்கள் வேலை குறையாது, கூடும். நாமே செய்துவிட்டால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும் அந்த இடத்தில்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதனால் தேர்வுக் காலத்தில் தொடங்காதீர்கள். ஏப்ரல், மே விடுமுறை சரியான நேரம். பத்தாம் வகுப்பு வந்தது என்று நிறுத்தவும் வேண்டாம். நாற்பது நிமிடத்தில் மதிப்பெண் போய்விடாது. அக்காவுக்குப் போகவில்லையே.

பையனுக்குப் பதினேழு முடிந்துவிட்டது, விடுதி திறக்க ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். துவைப்பது, சோறும் ரசமும், சட்டைப் பொத்தான் தைப்பது, வரவு செலவை ஒரு நோட்டில் எழுதுவது, வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் தலைதட்டி அளந்து கலக்குவது. இந்த ஐந்தும் நான்கு வாரத்தில் வரும். அடுத்த ஆண்டு கல்லூரி வழிகாட்டிப் பக்கத்தில், கட் ஆஃப் பட்டியலுக்குக் கீழே ஒரு சின்னக் கட்டத்தில் இவற்றை அச்சிட முடியுமா என்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மனையியல் ஆசிரியைகள் சிலர்,
மதுரை.