பாரநீர் வேறு, வன்னீர் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

அணுக்கரு இணைவு பற்றிய செய்தி தமிழில் வரும்போதெல்லாம் ஒரே பொருள் டியூட்டீரியம், டியூட்ரியம், கன ஹைட்ரஜன், பார ஐதரசன் என்று நாலு பெயரில் உலாவுகிறது. எழுத்துக்கூட்டல் மாறினால் வாசகர் சமாளித்துக்கொள்வார். பொருளே மாறும்போதுதான் தொல்லை.

1931இல் அமெரிக்க இரசாயனவியலாளர் ஹரோல்ட் யூரியும் அவரது துணையாளர்களும் ஐதரசனின் இந்தச் சமதானியைக் (ஒரே மூலகத்தின் வேறு திணிவுள்ள வடிவத்தை) கண்டறிந்தனர். 1933இல் யூரி தரப்பு முன்வைத்த 'டியூட்டீரியம்' என்ற பெயருக்கு வேர், 'இரண்டாவது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் 'டியூட்டெரோஸ்'. அணுக்கருவைக் கண்டறிந்த ரதர்போர்டு 'இரட்டை' என்ற பொருளில் 'டிப்ளோஜன்' என்றார், அது எடுபடவில்லை. "இரண்டு நியூத்திரன் இருப்பதால் டியூட்டீரியம் என்று பெயர்" என்று ரியூஷன் குறிப்புகளில் எழுதுவது பிழை. அதன் கருவில் இருப்பவை ஒரு புரோத்தன், ஒரு நியூத்திரன். இரண்டையும் கூட்டினால் வரும் திணிவெண் 2. இரண்டு நியூத்திரன் கொண்டது ஐதரசனின் இன்னொரு சமதானியான திரித்தியம். அதன் வேரான 'திரித்தோஸ்' என்ற கிரேக்கச் சொல், நகைக்கடைக்காரர் கொண்டாடும் அட்சய திருதியையின் 'திருதியை'க்கு உறவு. மூன்றாவது என்பது இதனால் மனதில் நிற்கும்.

'பார ஐதரசன்' என்று மட்டும் எழுதினால் போதாது. திரித்தியம் அதைவிடப் பாரமானது. ஜப்பானியரிடம் டியூட்டீரியம் 'ஜூசுய்சோ', அதாவது பாரமான ஐதரசன். திரித்தியம் 'சன்ஜூசுய்சோ', 'சன்' என்றால் மூன்று. 2023 ஓகஸ்டில் ஃபுக்குஷிமா அணுமின் நிலையத்து நீரைக் கடலில் விடத் தொடங்கியபோது பேசப்பட்டது இந்தத் திரித்தியம்தான். முன்னெழுத்து ஒன்று விடுபட்டால், அரைவாழ்வு 12.3 ஆண்டுகளான கதிரியக்கப் பொருள், கதிரியக்கமே இல்லாத நிலையான சமதானியாகிவிடும். சீனர் இதை அழகாகத் தீர்த்திருக்கிறார்கள்: வாயுவைக் குறிக்கும் எழுத்துறுப்பின் கீழே சாதாரண ஐதரசனுக்கு ஒரு கீறு, அடுத்ததற்கு இரண்டு, திரித்தியத்துக்கு மூன்று. எண்ணிப் பார்த்தாலே திணிவெண் தெரிந்துவிடும்.

இதைவிட மோசமான குழப்பம் நீரில் வருகிறது. சாதாரண ஐதரசனுக்குப் பதில் டியூட்டீரியம் கொண்ட நீரைத் தமிழ்நாட்டில் கனநீர் என்பார்கள். தூத்துக்குடியில் அமைத்தது கனநீர் ஆலை. 'பார உலோகம்' என்று பழகிய நமக்கு அது பாரநீர். அதைச் சிலர் 'வன்னீர்' என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். வன்னீர் என்பது யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணறுகளில் நாம் அள்ளுவது: சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கும், காரணம் கல்சியம், மக்னீசியம் உப்புகள். அதன் தற்காலிக வன்மை கொதிக்கவைத்தால் போய்விடும். பாரநீரை எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது பாரநீர்தான். பாரம் மூலக்கூறிலேயே இருக்கிறது. அறை வெப்பநிலையில் 1 லீற்றரின் எடை சுமார் 1.1 கிலோகிராம். 3.8 பாகை செல்சியஸில் உறையும் என்பதால், 3 பாகையில் வைத்த குளிர்சாதனப் பெட்டியின் சாதாரணத் தட்டிலேயே கட்டியாகக்கூடும். அந்தக் கட்டியைச் சாதாரண நீரில் போட்டால் மிதக்காது, அடியில் போய் உட்காரும். இதில் உப்புக்கு எந்த வேலையும் இல்லை.

எங்கள் யோசனை இது. சமதானிக்கு ஒலிபெயர்ப்பே இருக்கட்டும். புரோத்தன், நியூத்திரன் என்று எழுதும் நமக்குத் 'தியூத்தேரியம்' இயல்பாக வரும். முதல் தடவை எழுதும்போது 'திணிவெண் 2 கொண்ட ஐதரசன்' என்று ஒரு தொடர் சேர்த்தால் போதும். நீருக்குப் பாரநீர் என்றே எழுதலாம். தமிழ்நாட்டு நூல்களைப் பார்க்கும் உயர்தர மாணவருக்காகக் 'கனநீர்' என்பதையும் ஒருமுறை பக்கத்தில் போடலாம். 'வன்னீர்' கிணற்றோடும் கேத்தலோடும் இருக்கட்டும்.

இரசாயனவியல் ஆசிரியர்கள் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.